ஜிம் வேலைக்கும் பட்டம் வேணுமோ?

அப்பாவுக்கு முன்னால் 'ஜிம்' என்ற சொல்லை எங்கட வீட்டில் ஐந்து வருஷமாக ஒருத்தரும் எடுப்பதில்லை. 'தம்பி வேலைக்குப் போட்டான்' என்போம், அவ்வளவுதான். எங்கே வேலை என்று வந்தவர்கள் கேட்டால் அம்மா, 'அது உடம்புச் சுகம் சம்பந்தமான இடம்' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிவிடுவா. கேட்டவர் ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டு போவார்.

மூத்தவன் நான். இன்ஃபொர்மாற்றிக்கில் மாஸ்டர்ஸ், கொம்பியூட்டர் வேலை, எங்கட சனத்துக்கு ஒரு வரியில் விளங்குகிற வாழ்க்கை. தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். அபித்தூர் முடித்து, அப்பா சொன்னபடி மெஷின்பௌ படிக்கப் போய், நாலாம் செமஸ்டரோடு நிறுத்தினான். மத்தேமற்றிக் பரீட்சையில் மூன்றாம் தடவையும் தவறியது ஒரு காரணம். தினமும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி ஜிம்முக்குப் போன பிள்ளைக்கு எட்டு மணி விரிவுரைக்கு எழும்ப முடியவில்லை என்பது மற்றக் காரணம். அந்த இரண்டாவது காரணத்தை நாங்கள் அப்போதே கவனித்திருக்க வேணும். பிறகு ஒரு சங்கிலி ஜிம்மில் முழுநேர வேலைக்குச் சேர்ந்தான். அப்பா அன்றைக்குக் கேட்டது ஒரு கேள்விதான்: 'நான் இஞ்ச வந்து பாத்திரம் கழுவினது நீ டம்பெல் அடுக்கிறதுக்கோ?'

இப்ப விஷயம் என்னவென்றால், தம்பிக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதோடு அவனுக்கும் டம்பெல் அடுக்கி அலுத்துவிட்டது. சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கொஞ்சம் மேல். ஒரு நல்ல இடத்தில், முதுகுநோக்காரரையும் வயதானவர்களையும் கவனிக்கிற ஸ்ரூடியோவில், பயிற்சிப் பொறுப்பாளராகப் போக ஆசை. விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே வரி: ஸ்போர்ட்விஸ்ஸன்ஷஃப்ற், ஃபிற்னெஸ்ஓகொனொமி, அல்லது அதைப்போன்ற ஒன்றில் முடித்த பட்டம். பத்து இடத்துக்கு விண்ணப்பித்தான். ஏழு இடத்திலிருந்து 'லைடர்' என்று தொடங்கும் கடிதம் வந்தது. மூன்று இடம் பதிலே போடவில்லை. அப்பதான் என்னிடம் வந்தான். 'அண்ணா, உன்ர கடிதம் எழுதுற மூளையைக் கொஞ்சம் தா.'

நான் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கட தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது, பிழை எங்கே வருகிறது என்று பார்க்காமல் ஒரு வரியையும் திருத்தக் கூடாது. அதனால் முதலில் சட்டத்தைப் பார்த்தேன். பார்த்தால் சிரிப்பு வந்தது.

ஜேர்மனியில் 'ஃபிற்னெஸ்ட்ரைனர்' என்பது பாதுகாக்கப்பட்ட தொழிற்பெயர் இல்லை. 'பேர்சனல் ட்ரைனர்' என்பதும் இல்லை. நாளைக்கு நானே ஒரு விசிற்றிங் கார்ட் அடித்து வைத்துக்கொள்ளலாம், ஒரு சட்டமும் தடுக்காது. இந்த நாட்டில் தலைமுடி வெட்டும் கடை திறக்க மைஸ்ரர் வேணும். ஒருத்தருடைய தோளில் நூறு கிலோவை ஏற்றிக் குந்தி எழும்பச் சொல்ல ஒண்டும் வேண்டாம். இதே மாதிரித்தான் 'ஏர்நேறுங்ஸ்பெராற்றர்', சாப்பாட்டு ஆலோசகர். அந்தப் பெயரையும் யாரும் போடலாம், 'டியேற்அசிஸ்ரென்ற்' என்ற பெயரைத்தான் போட முடியாது. ஃபிசியோதெரபிஸ்ற் விஷயம் வேறு. அதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மூன்று வருஷப் படிப்பு, அரசுப் பரீட்சை. அந்தப் பெயரைத் தொட்டால் சுடும்.

அப்படியானால் எதற்காகப் பட்டம் கேட்கிறார்கள்? தம்பியின் எண்ணம், 'என்ர பேரைப் பாத்திட்டுத்தான்' என்பது. அப்படியும் இருக்கலாம். இந்த நாட்டில் பிறந்த எங்களுக்கு அந்தச் சந்தேகம் வருவதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விளம்பரத்து வரிக்குப் பின்னால் வேறு கணக்குகளும் ஓடுகின்றன.

முதலாவது கணக்கு கிராங்கென்காசே, எங்கட மருத்துவக் காப்புறுதி. சமூகச் சட்டக்கோவையின் ஐந்தாம் புத்தகத்தில் 20ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. முதுகுப் பயிற்சி, இருதயத்துக்கான உடற்பயிற்சி போன்ற தடுப்பு வகுப்புகளுக்குக் காப்புறுதி காசைத் திருப்பிக் கொடுப்பது இதன் கீழேதான். உங்களில் பலர் 'றுக்கென்ஷூலே' போய்ப் பாதிக்காசு திரும்ப வாங்கியிருப்பீர்கள். அந்த வகுப்பை 'சென்றாலே ப்ரூஃப்ஸ்ரெல்லே ப்ரெவென்சியோன்' என்ற மையம் சரிபார்த்தால்தான் காசு வரும். அவர்கள் வகுப்பின் பாடத்திட்டத்தோடு நடத்துகிறவருடைய தகுதியையும் பார்ப்பார்கள். அரசு அங்கீகரித்த படிப்போ தொழிலோ இருக்க வேணும், அதற்குள்ளே உடலியல், பயிற்சியியல் போன்ற பாடங்கள் இத்தனை மணித்தியாலம் இருக்க வேணும். ஆகவே முதுகுநோக்காரரை நம்பி நடக்கிற ஸ்ரூடியோவுக்குப் பட்டக்காரர் ஒருத்தர் என்றால் அது நேரடியான வருமானம். தம்பி எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் அவன் பெயரில் அந்த வகுப்பு ஓடாது. இது விளங்கியதும் அவனுடைய கோபம் பாதியாகக் குறைந்தது.

இரண்டாவது கணக்கு டுவாலெஸ் ஸ்ரூடியும். சார்புறூக்கனில் இருக்கும் தடுப்பு மற்றும் சுகாதார முகாமைத்துவ உயர்கல்லூரியும் அது போன்ற மற்றவையும் ஃபிற்னெஸ்ஓகொனொமியில் பட்டம் தருகின்றன. பிள்ளை ஸ்ரூடியோவில் வேலை செய்துகொண்டே படிக்கும், இடையிடையே சில நாள் வகுப்புக்குப் போய்வரும். ஸ்ரூடியோ ஒரு சம்பளம் கொடுக்கும், பல இடங்களில் படிப்புக் காசையும் கட்டும். முதலாளிக்கு இது இலாபம், மூன்றரை வருஷத்துக்கு ஓடி ஓடி வேலை செய்கிற ஓர் இளம் ஆள் கிடைக்கிறது. அதனால் இந்தத் துறையில் பட்டக்காரர் பஞ்சமே இல்லை. ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள் ஜிம் உறுப்பினராக இருக்கும் நாடு இது. முப்பது வருஷத்துக்கு முன்னர் இது தொழிலே இல்லை என்றவர்கள் இன்றைக்கு இதற்குப் பட்டம் கேட்கிறார்கள்.

அந்த ஆரம்பகாலத்துக்காரர் யாரும் இந்தப் பட்டத்தோடு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. கீசர் ட்ரைனிங் என்று எங்கட ஊர்களில் எல்லாம் கிளை இருக்கிறதே, அதைத் தொடங்கிய வேர்னர் கீசர் தச்சுத் தொழில் படித்தவர், குத்துச்சண்டைக்காரர். பழைய இரும்பைப் பொறுக்கி ஒட்டித் தானே இயந்திரங்கள் செய்து, 1967இல் சூரிச்சில் முதல் ஸ்ரூடியோவைத் திறந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போனது வயது போனபிறகு, அதுவும் மெய்யியல் படிக்க! மக்ஃபிற்றை 1997இல் வூர்ஸ்பூர்க்கில் தொடங்கிய றைனர் ஷல்லர் சில்லறை வியாபாரத்தில் அவுஸ்பில்டுங் செய்து எடேக்கா கடை நடத்தியவர். இதை அப்பாவிடம் சொன்னேன். 'அவையள் கடை திறந்தவை. உன்ர தம்பி கடைக்குள்ள நிக்கிறான்' என்றார். அந்த வித்தியாசம் சரியானதுதான், என்னிடம் பதில் இல்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம்.

தம்பியின் விண்ணப்பத்தில் முதல் பக்கம் முழுக்கச் சான்றிதழ்கள். எட்டு இருந்தன. எனக்குத் தலை சுற்றியது. இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு குழப்பம் இருக்கிறது. ஜேர்மன் ஒலிம்பிக் விளையாட்டுச் சம்மேளனத்தின் கீழ் வருகிற லிசென்ஸ்களில் 'சே' என்பது அடிப்படைப் படி, ஆகக்குறைந்தது 120 பாடநேரம். அதற்கு மேலே 'பே', அதற்கும் மேலே 'ஆ'. தனியார் அக்கடமிகளின் ஃபிற்னெஸ் லிசென்ஸ்களில் பெரும்பாலும் 'பே'தான் முதற்படி. இரண்டு சனி ஞாயிறில் முடிகிற 'பே'யும் உண்டு, மாதக்கணக்கில் படிக்கிற 'பே'யும் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் எழுத்து ஒன்றுதான். ஆட்களைத் தெரிவுசெய்கிறவருக்கு இது நல்லாத் தெரியும். அதனால் எட்டுச் சான்றிதழ் என்றால் அவர் எட்டு மடங்கு மதிக்கமாட்டார், 'இவருக்கு ஒரு பெரிய சான்றிதழ் இல்லை' என்றுதான் படிப்பார்.

அந்த எட்டில் ஒன்று 2,800 யூரோ. இணையத்தில் ஓர் அக்கடமி, பெயர் வேண்டாம், ரெலிஃபோனிலேயே பேசி விற்றது. 'மாஸ்டர்' என்ற சொல்லும் அந்தச் சான்றிதழின் பெயரில் இருக்கிறது. அப்பாவுக்குக் காட்டலாம் என்று நினைத்து வாங்கினானாம். அதை அவன் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. மாஸ்டர்ஸ் என்ற சொல் எங்கட வீட்டில் எவ்வளவு பாரமாகத் தொங்கியது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, அதைத் தொங்கவிட்டவன் நான்.

தொலைக்கல்விப் படிப்பு வாங்க முதல் பார்க்க வேண்டிய ஒன்று: கொலோனில் இருக்கும் செட்.எஃப்.ஊ என்ற அரசு மையத்தின் அனுமதி எண். தொலைக்கல்வி மாணவர்களைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று 1970களில் இருந்தே இருக்கிறது. அனுமதி தேவையான ஒரு படிப்பை அனுமதி இல்லாமல் விற்றால் அந்த ஒப்பந்தமே செல்லாது. 2025 ஜூனில் இங்குள்ள உச்ச நீதிமன்றம், பி.ஜி.எச், இணையவழி வியாபாரப் பயிற்சி ஒன்றுக்கு 47,600 யூரோவுக்கு எழுதிய ஒப்பந்தத்தை இந்தக் காரணத்துக்காகவே செல்லாது என்று தீர்த்தது. அனுமதி உள்ள படிப்பாக இருந்தாலும் முதல் ஆறு மாதம் முடிகிற நேரத்துக்கு ஆறு கிழமை முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம், அதற்குப் பிறகு மூன்று மாத அறிவித்தலோடு எப்போதும் விலகலாம். தம்பிக்கு இது ஒண்டும் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். பிள்ளையள் 'ஒன்லைன் கோர்ஸ்' என்று வந்து நிற்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கோ.

எட்டுச் சான்றிதழையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினோம். முன்னுக்கு வந்தது ஐந்து வருஷ வேலை. அதற்கு ஒரு அர்பைற்ஸ்சொய்க்னிஸ் வேணும், வேலைச் சான்றிதழ். அவனிடம் இருக்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டானாம். இது தொழிலாளியின் சட்ட உரிமை. வேலையை விடும்போது கட்டாயம் கேட்கலாம், நியாயமான காரணம் இருந்தால் இடையிலும் கேட்கலாம். கேட்டு வாங்கினான். வந்த முதல் பிரதியில் 'சூ ஊன்சரர் ஃபொல்லன் சுஃப்ரீடென்ஹைற்' என்று இருந்தது. 'முழுத் திருப்தியாம் அண்ணா!' என்று சந்தோஷமாக அனுப்பினான்.

அது சந்தோஷப்படுகிற வரி இல்லை. இந்தச் சான்றிதழ்களுக்கு ஒரு இரகசிய மொழி உண்டு. 'முழுத் திருப்தி' என்றால் மூன்று, அதாவது சராசரி. அதற்கு முன்னால் 'ஸ்ரேற்ஸ்', எப்போதும், என்ற சொல் வந்தால் இரண்டு. 'ஸ்ரேற்ஸ்' வந்து 'ஃபொல்லன்' என்பது 'ஃபொல்ஸ்ரன்' ஆனால் ஒன்று. வெறும் 'திருப்தி' என்றால் நாலு. சராசரிக்கு மேலே புள்ளி வேணுமென்றால் தான் நல்லாகச் செய்ததைத் தொழிலாளிதான் நிரூபிக்க வேணும் என்று கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. தம்பி நீதிமன்றம் போகவில்லை. மேலாளரிடம் போனான். அவன் சேர்த்த உறுப்பினர் தொகை, அவன் பழக்கிய புது ஆட்கள், சத்திர சிகிச்சைக்குப் பிறகு இவனைத்தான் வேணுமென்று கேட்டு வந்த வயதானவர்கள், எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தான். மனுசன் நல்லவர், 'ஸ்ரேற்ஸ்' விழுந்தது.

இதற்கிடையில் ஒரு மாமா வீட்டுக்கு வந்து இன்னொரு வழி சொன்னார். 'கொழும்பிலை ஒரு இன்ஸ்ரிரியூட் இருக்கு. காசு குடுத்தால் டிப்ளோமா, முன் திகதி போட்டே தருவினம். ஜேர்மன்காரனுக்கு என்ன தெரியப் போகுது?' ஜேர்மன்காரனுக்கு நல்லாத் தெரியும், மாமா. அனாபின் என்று ஒரு தரவுத்தளத்தில் எந்த நாட்டில் எந்தக் கல்வி நிலையத்துக்கு என்ன மதிப்பு என்று பட்டியலே வைத்திருக்கிறான். இல்லாத பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவது தண்டனைச் சட்டத்தில் குற்றம். ஏமாற்றி எடுத்த வேலையைச் சில வருஷம் கழித்துத் தெரியவந்தாலும் பறிக்கலாம். தம்பி ஒரு பேச்சும் பேசாமல் எழும்பிப் போனான். உண்மையில் அவனை நான் மதிக்கத் தொடங்கியது அந்த நிமிஷத்தில்தான். 2,800 யூரோ கொடுத்துப் படித்தவனுக்கு அது படிப்பு, காசு கொடுத்து வாங்கியது இல்லை.

உண்மையாகவே ஊரில் படித்துவிட்டு வந்தவர்கள் வேறு கதை. சென்னை நந்தனத்தில் 1920இல் ஹரி பக் தொடங்கிய வை.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியில் படித்த ஒரு நண்பரின் மனைவி இங்கே இருக்கிறா. பீ.ரி. ரீச்சராக இருந்தவா. பட்டத்தை மதிப்பிட ஸெட்.ஆ.பே என்ற மையத்துக்கு விண்ணப்பித்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம், விண்ணப்பத்தோடு அது பேசும். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனால் மாத்திரம் வழி நீளம், இங்கே ஆசிரியருக்குப் பொதுவாக இரண்டு பாடம் வேணும். ஜிம்முக்கு அந்தத் தடை இல்லை.

தம்பிக்கு என்ன வழி என்று தேடியதில்தான் எனக்குத் தெரியாத ஒரு கதவு இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இஞ்ச பிறந்து வளர்ந்தும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது கிம்னாசியம், அபித்தூர், யூனி என்ற ஒரு கோடுதான், அதிலிருந்து இறங்கினால் கிடங்கு என்று வளர்ந்தோம்.

இந்தத் துறையில் மூன்று வருஷ அவுஸ்பில்டுங் ஒன்று 2001 முதல் இருக்கிறது: ஸ்போர்ட் உண்ட் ஃபிற்னெஸ்கௌஃப்மன். 2007இல் ஸ்போர்ட்ஃபஹ்மன் என்று இன்னொன்றும் வந்தது. பரீட்சை வைப்பது இ.ஹா.கா, தொழில் வர்த்தக சம்மேளனம். இருபத்தெட்டு வயதில் மூன்று வருஷம் பயிற்சிச் சம்பளத்தில் நிற்க முடியாது என்று தம்பி அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் தொழிற்கல்விச் சட்டத்தின் 45ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், ஒரு தொழிலுக்கு விதித்த பயிற்சிக் காலத்தைப்போல் ஒன்றரை மடங்கு காலம் அந்தத் தொழிலில் வேலை செய்திருந்தால், அவுஸ்பில்டுங் செய்யாமலே இறுதிப் பரீட்சைக்கு நேரே போகலாம். எக்ஸ்ரேர்னென்ப்ரூஃபுங் என்பார்கள். மூன்று வருஷத்துக்கு ஒன்றரை மடங்கு நாலரை வருஷம். தம்பிக்கு ஐந்து வருஷமும் மூன்று மாதமும் இருந்தது. சோதனையில் தேறினால் கிடைப்பது மற்றப் பிள்ளையள் வாங்குகிற அதே சான்றிதழ்தான்.

2025 தை முதலாம் திகதியிலிருந்து இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 25 வயதைத் தாண்டிய, குறித்த தொழிலில் சான்றிதழ் இல்லாத ஆட்கள், அனுபவத்தால் பெற்ற திறமையை அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். கிடைக்கிற பத்திரத்தில் 'ஃபெர்க்லைக்பார்', ஒப்பானது, என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் தம்பி தன் ரெலிஃபோனை எடுத்து விளம்பரங்களைக் காட்டினான். 'ஓடர் ஃபெர்க்லைக்பாரெ குவாலிஃபிகற்சியோன்.' பத்தில் ஆறு விளம்பரத்தில் கடைசியில் அந்த வரி இருந்தது. பட்டம், அல்லது அதற்கு ஒப்பானது. நாங்கள் இரண்டு பேரும் பட்டம் என்ற சொல்லோடு வாசிப்பை நிறுத்தியிருக்கிறோம். எங்களை வளர்த்த முறை அப்படி.

அவன் பரீட்சை எழுதவே விரும்பினான். புள்ளியோடு ஒரு தாள் வேணுமாம்.

பரீட்சை இலகு இல்லை. பெயரிலேயே 'கௌஃப்மன்' இருக்கிறது, வியாபாரி. கணக்குப் பதிவு, ஒப்பந்தச் சட்டம், விலை நிர்ணயம் எல்லாம் வரும். ஸ்குவாட் எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்டால் அவன் நித்திரையிலும் சொல்லுவான். ஆக, விடிய ஐந்து மணிக்கு எழும்புகிற பிள்ளை இப்ப அந்த நேரத்தில் கணக்கியல் படிக்கிறான். மத்தேமற்றிக்கில் மூன்று தடவை தவறியவன் செலவுக் கணக்கைப் பிழையில்லாமல் போடுகிறான், ஏனென்றால் அது அவனுக்குத் தெரிந்த ஜிம்மின் மின்சாரச் செலவு.

இதற்கு மேலே படியும் இருக்கிறது. ஃபஹ்வியர்ற் என்ற மேற்பரீட்சை ஜேர்மன் தகைமைச் சட்டகத்தில் ஆறாம் படி. பாச்சலர் பட்டமும் அதே ஆறாம் படிதான். ஃபஹ்வியர்ற்றுக்கு 2020 முதல் 'பாச்சலர் ப்ரொஃபெஷனல்' என்ற பெயரும் சட்டத்தில் வந்துவிட்டது. கல்யாணத் தரகர்களுக்கு இந்தத் தகவலை யாராவது அனுப்பிவிட்டால் நல்லது.

முதுகுநோ ஆசையையும் விடவில்லை. றீஹாஸ்போர்ட் என்று ஒன்று, டொக்டர் எழுதிக் கொடுப்பது. வழக்கமாக ஒன்றரை வருஷத்துக்குள் 50 தடவை, காப்புறுதி செலவை ஏற்கும். அதை நடத்த யூனிப் பட்டம் தேவையில்லை, அதற்கென்ற 'பே' லிசென்ஸ் போதும், விளையாட்டுச் சம்மேளனப் பக்கத்து 'பே'. அதைத் தம்பி அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கிறான்.

என் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேணும். எங்கட கொம்பனியில் என் பக்கத்து மேசையில் இருக்கிறவர் பட்டம் இல்லாதவர். என்னைவிட நல்ல புரோகிராமர். அது எனக்கு ஒருநாளும் உறுத்தவில்லை. 2023 கார்த்திகையிலிருந்து கொம்பியூட்டர் துறைக்காரருக்குப் பட்டம் இல்லாவிட்டாலும், கடைசி ஏழு வருஷத்தில் மூன்று வருஷ அனுபவம் இருந்தால், அரசாங்கமே நீல அட்டை கொடுக்கிறது. அதை வாசித்து 'நல்ல சட்டம்' என்று ஒபிசில் எல்லாருக்கும் அனுப்பியவன் நான். அதே நான், தம்பி படிப்பை விட்டபோது ஆறு மாதம் அவனோடு சரியாகக் கதைக்கவில்லை.

இனி அப்பா.

இ.ஹா.காவுக்கு நாலரை வருஷத்தையும் நிரூபிக்க வேணும். வேலை ஒப்பந்தம், சான்றிதழில் என்னென்ன வேலை செய்தான் என்ற விபரம், அதுவும் ஜிம் தளத்தில் நின்றது மட்டும் போதாது, ஒப்பந்தம் எழுதியது, கணக்கு முடித்தது எல்லாம் இருக்க வேணும். சம்பளச் சீட்டுகளும் சேர்த்தால் நல்லது என்றார்கள். தம்பி சம்பளச் சீட்டு வைத்திருக்கிற ஆளோ? முதல் இரண்டு வருஷத்து ஒப்பந்தமே காணவில்லை. கிளை மாறியபோது போட்ட பழைய ஒப்பந்தம். இருந்த பெட்டி எல்லாம் கொட்டிப் பார்த்தோம். மேலாளருக்கு எழுதுவோம் என்று நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

அப்பா உள்ளே இருந்து ரீவீச் சத்தத்தைக் குறைத்தது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சை ஓர்ட்னரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எங்கட அப்பாமாரின் ஓர்ட்னர் உங்களுக்குத் தெரியும். 1985இல் அகதி விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து வந்த ஒவ்வொரு துண்டுக் கடிதமும் துளை போட்டு ஏறியிருக்கும். ஒரு கடிதம் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்த காலத்துப் பழக்கம். இந்த ஓர்ட்னரின் முதுகில் தம்பியின் பெயர் எழுதியிருந்தது. தம்பியின் கடிதங்கள் இன்னமும் அம்மா வீட்டுக்குத்தான் வரும். அவன் உடைத்துப் பார்த்துவிட்டுச் சமையலறை மேசையில் போட்டுப்போன சம்பளச் சீட்டுகள், அறுபத்துமூன்று, மாத வரிசையில் இருந்தன. பழைய ஒப்பந்தம் முதலாவது பிளாஸ்ரிக் உறைக்குள். அதற்குப் பின்னால், நான் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, அந்த 2,800 யூரோச் சான்றிதழின் பிரதி.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாக எடுத்துத் தர, நான் ஸ்கேன் பண்ணினேன். இருபதாவது சீட்டு அளவில் அவர் கேட்டார்: 'இந்தப் பரீட்சைக்கு எவ்வளவு காசு கட்ட வேணும்?'

விண்ணப்பம் போய் மூன்று கிழமை. நேற்று ஒரு கடிதம் வந்திருக்கிறது, இன்னும் ஒரு தாள் கேட்டிருக்கிறார்கள், இப்போதைய கிளையில் அவன் கவனிக்கிற நிர்வாக வேலைகளின் விபரம். அம்மா ரெலிஃபோனில் வாசித்துக் காட்டினா. பின்னால் துளை போடுகிற சத்தம் கேட்டது.